பாகை பிசகாத மையவாடி

கபுரைத் திருப்பும்போது கிளம்பும் வாடைக்கு ரொக்கையா முகமூடி போட்டுப் பார்த்தாள், துணியில் அத்தர் நனைத்துக் கட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. சுழலி என்கிற அந்த இயந்திரம் கபுரைச் சுற்றியுள்ள மண்ணை உறைய வைத்து, பாளமாகத் தூக்கி, சொன்ன கோணத்துக்குத் திருப்பி, மறுபடி இறக்கி வைக்கும். உறைந்த மண்ணில் வாடையே வராது என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். படுபாவி, ஒரு நாளாவது பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும்.

பவளக்கரை மையவாடியில், ஊர் இடுகாட்டில், அவளுக்கு அதுதான் வேலை. அடக்கம் செய்யப்பட்டவர்களைக் கபுர்க் குழியோடு திருப்புகிற வேலை. வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

எல்லாம் திசைமானியால் வந்த வினை. விரலில் போடும் மோதிரம்தான். மக்காவுக்கு நேராக நின்றால் பச்சை எரியும். பாகையில் துளி பிசகினாலும் சிவப்பு. ஒரு சுவரையோ கல்லையோ நோக்கி நீட்டினால் அதன் திசையையும் சொல்லிவிடும். முதலில் எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தொழுகை வரிசையில் நிற்கிறவன் பக்கத்து ஆளின் விரலை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தான். அவர்கள் வீட்டுத் தொழுகை அறையில் சிவப்பு எரிகிறதாம் என்று சொல்லி, பேசி முடித்த சம்பந்தத்தை முறித்தார்கள். இறைவனுக்கு முன்னால் நிற்கும்போதும் அடுத்தவன் குற்றத்தைத் தேடுகிற கண்ணை என்னவென்று சொல்வது? சீ!

இத்தனைக்கும் திசைமானியில் 'நெகிழ்வு' என்று ஓர் அமைப்பு இருந்தது. தூரதேசத்தில் இருப்பவன் அந்தத் திக்கைப் பார்த்து நின்றால் போதும் என்று பழைய அறிஞர்கள் பலர் சொன்னதை ஒட்டி, அதைச் செய்தவர்கள் தாராளமாகவே இடம் விட்டிருந்தார்கள். திசையைச் சரிசெய்ய ஊர் போட்ட திருத்தக் குழுவின் தலைவர் மஹ்தூம் காக்கா அதை ஊர் முழுவதற்குமாகப் பூஜ்ஜியத்தில் பூட்டினார். பூட்டியதோடு விட்டாரா? அதைத் திறக்கும் சில்லை எல்லோரும் பார்க்கப் படகுத்துறையிலிருந்து கடலில் வீசினார்.

"இனி எவனும் இதுல கை வைக்க முடியாது!" என்றார். ஊரே 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது.

முதலில் பள்ளிவாசலைத் திருப்பினார்கள். கல்தூண்கள் இரண்டு விரிசல் விட்டன. அடுத்தது மையவாடி. இறந்தவர்களையும் மக்காவைப் பார்க்கத்தானே கிடத்துவார்கள்.

மையவாடியின் பழைய பகுதி ஒரு தனி உலகம். மரக்கலங்கள் ஓடிய காலத்தில் இந்தக் கரையில் ஒதுங்கி, பெண் கட்டி, இங்கேயே மண்ணானவர்கள் அங்கே கிடந்தார்கள். யமன் மாலுமிகள், பாரசீகக் குதிரை வியாபாரிகள், சுமத்ராவிலிருந்து கற்பூரம் கொண்டுவந்தவர்கள், ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலிக்காரர்கள். ஆளுக்கொரு கோணம். மாலுமிகள் ஒரு நட்சத்திரம் விழும் இடத்தைப் பார்த்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சூரியன் விழும் மேற்கை. அன்றைய உலகமே அப்படித்தான் இருந்தது. கெய்ரோவில் குளிர்காலச் சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்தார்கள். சமர்க்கந்தில் ஒரு மத்ஹபுக்காரர்கள், அதாவது ஒரு சட்டப்பிரிவினர், மேற்கே என்றார்கள், இன்னொரு மத்ஹபுக்காரர்கள் தெற்கே என்றார்கள். கொர்டோபாவின் பெரிய பள்ளியோ தெற்கை ஒட்டி நின்றது. இத்தனை கோணத்தில் நின்றும் எல்லோரும் பார்த்தது மக்காவில் இருக்கிற ஒரே வீட்டைத்தான்.

அந்தப் பகுதியில் நிஷாபூரிலிருந்து வந்த ஒரு வானியல் கணக்கரின் கபுர் இருந்தது. சுழலியின் திரை அவருக்குக் காட்டிய பிசகு ஒரு மயிரிழைதான். பக்கத்திலேயே அவருடைய மாமனார், உள்ளூர் மரைக்காயர், இருபது பாகைக்கு மேல் விலகி, அசல் மேற்கைப் பார்த்துக் கிடந்தார். மாமனார் முன்னால் இறந்தவர் என்று தலைமாட்டில் நட்ட மீசான் கல் சொன்னது. ரொக்கையா அந்த இரண்டு கல்லையும் வெகுநேரம் பார்த்தாள். சரியான கணக்கு மருமகனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மாமனாரை ஊர் வழக்கப்படியே அடக்கிவிட்டு, தன் கணக்கைத் தன் கபுருக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். என்ன மனுஷன்!

"இவங்க ரெண்டு பேரை மட்டும் விட்டுடுங்க காக்கா" என்று அவள் கேட்டாள். "எழுநூறு வருஷமாச் சண்டை போடாமக் கிடக்குறாங்க."

"சண்டை போடலைன்னா தப்பு சரியாப் போயிடுமா?"

"உள்ளே என்ன இருக்குன்னாவது கருவி விட்டுப் பார்க்கலாமே. வெறும் மண்ணுதான் இருக்கும்."

மஹ்தூம் காக்கா காதைப் பொத்திக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! கபுருக்குள்ள எட்டிப் பார்க்குறதா? மவுத்தானவங்களுக்கு மரியாதை வேணாமா? மீசான் கல்லை வச்சுக் கோணத்தை எடு, திருப்பு. அது போதும்."

கபுருக்குள் பார்ப்பது மரியாதைக் குறைவாம், கபுரையே பெயர்த்துத் திருப்புவது மரியாதையாம்! ரொக்கையா சுழலியில் ஏறினாள். திருப்பினாள். ஆளுக்கொரு பக்கம் கிடந்தவர்கள் அணிவகுப்பில் நிற்கிற சிப்பாய்களைப்போல் ஆனார்கள்.

புதிய பகுதியில் அவளுடைய உம்மா இருந்தாள்.

"உம்மா மவுத்தாகி ஒரு வருஷம்கூட ஆகலை காக்கா. அவளை விட்டுடுங்க."

"திசைமானிக்கு ஒன் உம்மா, என் வாப்பான்னு தெரியாதும்மா."

வேறு கை படக்கூடாது என்று அவளே இயக்கினாள். பாளம் எழும்பும்போது ஒரு மூலை பொடிந்து உதிர்ந்தது. உதிர்ந்த மண்ணில் வெள்ளைத் துணியின் ஓரம் தெரிந்தது. ரொக்கையா சுழலியை நிறுத்தாமல் வேலையை முடித்தாள். முடித்துவிட்டு மதிலோரம் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். இன்னொரு தடவை உம்மாவைத் தொட விடமாட்டேன் என்று அங்கேயே சத்தியம் செய்தாள்.

அந்த மாதமே மஹ்தூம் காக்காவின் வாப்பா மவுத்தானார். ஊரிலேயே முதல்முறையாகப் பூஜ்ஜியப் பிசகில் தோண்டிய கபுர் அது. ஆள் உயரத்துக்குப் பளிங்குக்கல், பொன் எழுத்து, அடியில் கான்கிரீட். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து மோதிரத்தை நீட்டிப் பச்சையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு நிற்கும்போது, ஊர் முழுக்க எல்லா விரலிலும் சிவப்பு எரிந்தது. திசைமானிக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. உருண்டையான பூமியின்மேல் மிகக் குறுகிய வழியை எடுப்பதா, திசை மாறாமல் ஒரே நேராகப் போகிற வழியை எடுப்பதா என்பதில் திசைமானி நிறுவனத்தின் தலைமையகம் மனம் மாறிவிட்டதாம். பவளக்கரைக்கு ஏறக்குறைய ஐந்து பாகை வித்தியாசம்.

கூட்டம் போட்டார்கள். "திருப்பணும்! திரும்பவும் திருப்பணும்!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்க முடிவானது.

ரொக்கையா நேராக மையவாடிக்குப் போனாள். பிற்பகல் அஸர் நேரத்து வெயில் நன்றாக இருந்தது. உம்மாவின் தலைமாட்டுக் கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். கால்மாட்டுக் கல்லையும். மேட்டைக் காலால் மிதித்துத் தரையோடு தரையாக்கினாள். கல் இல்லையென்றால் கோணம் இல்லை; உள்ளே பார்க்கத்தான் கூடாதே! பிறகு நிஷாபூர்க்காரரின் கல்லையும், அவர் மாமனாரின் கல்லையும், கேட்க ஆளில்லாத மற்றப் பழைய கற்களையும் பிடுங்கி மதிலில் சாய்த்தாள்.

நிமிர்ந்தபோது வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி அவரவர் வீட்டுக் கபுருக்குப் போனார்கள். முந்தைய வாடை அவர்கள் மூக்கிலும் இருந்திருக்கிறது. இந்த வெட்கங்கெட்டவர்களைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது. சனிக்கிழமை முழுக்க அதே கதை. யாரும் யாரையும் காணாத மாதிரி, ஊரே வந்து கல்லைப் பிடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மையவாடி வெறும் மணல்வெளியாகக் கிடந்தது. யார் எங்கே, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறார்கள் என்பது படைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் ஒரே ஒரு கல் நின்றது. கான்கிரீட்டில் புதைத்த பளிங்குக்கல். அதன் அடிப்பாகத்தில் யாரோ கடப்பாரை போட்டு நெம்பிய தழும்பு. மஹ்தூம் காக்காவின் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

கூட்டம் மோதிரங்களை நீட்டியது. அத்தனையும் சிவப்பு.

"தலைவரு வாப்பாவத் திருப்புங்க!" என்று ஒருவன் கத்தினான். தன் வீட்டுக் கல்லைப் பத்திரமாகப் பிடுங்கிக்கொண்டவன்தான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

மஹ்தூம் காக்கா ரொக்கையாவின் பக்கத்தில் வந்தார். "அஞ்சு பாகைதானேம்மா. அந்த நெகிழ்வைக் கொஞ்சம் தெறந்து விட முடியாதா? எந்தப் பக்கம் பார்த்துக் கெடந்தாலும் அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும் காக்கா. மோதிரத்துக்குத் தெரியாது. சில்லு கடல்ல கெடக்கு."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வஞ்சம் தீர்ந்த சந்தோஷம் வரவில்லை. கையுறையைக் கழற்றிச் சுழலியின்மேல் போட்டாள். "இந்த வேலைய இனி நான் பார்க்க மாட்டேன். அந்தக் கெழவரை விடுங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் ஆர்வமாக ஏறி விசையை அழுத்தினான்.

பாளம் எழும்பியது. வாடையும் கிளம்பியது. எல்லோரும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மோதிரம் போட்ட கையைக் கல்லை நோக்கி நீட்டினார்கள். கல் மெல்லத் திரும்பியது. விரல்களில் ஒவ்வொன்றாகப் பச்சை எரிந்தது. மஹ்தூம் காக்கா மட்டும் மூக்கைப் பொத்தவில்லை.