அடிச்சாச்சி, அழாத

மத்தியானம் இரண்டு மணிக்கு யாரோ வாசப்படியைத் தட்டினார்கள். கதவை இல்லை, வாசப்படியை. டொக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி டொக். கும்மிடிப்பூண்டியில் ராத்திரி ஷிப்டு முடித்து, ரயிலேறி ஆரம்பாக்கம் வந்து, பழையது குடித்துவிட்டுப் படுத்திருந்த ஆதிகேசவனுக்குத் தூக்கத்துக்குள்ளேயே பல் கூசியது. எழுந்து பார்த்தான். எட்டு வயசு மகள் செண்பகம் வாசப்படிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் படியின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டுக் குனிந்து மரத்தில் காதை வைத்தாள்.

"நீயா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "இல்லியாம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆதிகேசவன் ஓர் இரும்புக் கம்பெனியில் டைம்கீப்பர். ஊரான் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் குறித்து வைக்கிற வேலை. அதற்கே கழுத்தில் அப்படி ஒரு விறைப்பு. உலையில் வேகிறவன் அவனுக்கு மாடு, பக்கத்து வீட்டுக்காரன் மடையன், பெண்டாட்டி கனகாம்பாள் அறிவில்லாத ஜென்மம். அப்படிப்பட்ட மகா புத்திசாலிதான் போன ஐப்பசியில், தூங்குகிற நேரத்தில் அஞ்சாங்கல் ஆடிச் சத்தம் போட்டாள் என்று எழுந்து, பெற்ற மகளைக் கன்னத்தோடு சேர்த்து ஓர் அறை விட்டான். பிள்ளை பறந்து போய் வாசப்படியின் முனையில் மண்டை மோத விழுந்தாள்.

ரத்தத்தைப் பார்த்ததும் அவன் முதலில் எட்டிப் பார்த்தது தெருக்குழாயை. கனகாம்பாள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, நெற்றியைத் தடவி, நடை பழகுகிற குழந்தைக்குச் சொல்வதுபோல் வாசப்படியை உள்ளங்கையால் நாலு அடி அடித்தான். "வாசப்படிதான் உன்ன அடிச்சிச்சி. பாத்தியா, அத நான் அடிச்சிட்டேன். அடிச்சாச்சி, அழாத." ஊருக்கும் அதே கதைதான். ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். பிள்ளை கண் விழித்துத் தன் பெயரைச் சொன்னாள். அதோடு தீர்ந்தது என்று பீடி பற்றவைத்தான்.

தீரவில்லை. பொங்கலுக்குள் அவளுக்கு வாய்ப்பாடு மறந்துபோனது. கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிட்டாள். தலை சீவ ஆரம்பித்தால் தோலில் ரத்தம் கசிந்தும் சீவிக்கொண்டே இருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளையின் கையைக் கடித்துவிட்டு எதற்குக் கடித்தோம் என்று தெரியாமல் விழித்தாள். பிறகு பேச்சே குறைந்தது. "நடிக்கறா," என்றான் ஆதிகேசவன்.

பங்குனியில் பள்ளிக்கூடத்துக் கிரேஸ் டீச்சர் வீடு தேடி வந்தாள், கையில் மெட்ராஸ் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதத்தோடு. "அடிபட்ட அன்னிக்கே எல்லாம் தெரியாது சார். கொழந்த வளர வளரத்தான், உள்ள எது கெட்டுச்சின்னு வெளிய வரும். பழைய கொழந்தயா முழுசா வருமான்னு சொல்ல முடியாது. ஆனா இப்பவே காட்டினா எவ்ளோவோ தேத்தலாம். எப்டி அடிபட்டிச்சின்னு டாக்டர் கேப்பாரு, சரியா சொல்லுங்க."

கடைசி வாக்கியம் ஒன்றுதான் அவன் காதில் விழுந்தது. டீச்சர் தெருமுனை தாண்டியதும், "மூக்கொழுவற பசங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்கறவ, என்கிட்ட மூளையப் பத்திப் பேசறா," என்று கடிதத்தை அடுப்பில் போட்டான். "ஐயோ, கொழந்தய்யா அது," என்று கனகாம்பாள் அழுதாள். செண்பகம் அழவில்லை. காகிதம் கருகி முடிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பரீட்சை லீவு. சித்திரை வெயில். திங்கட்கிழமை வாசப்படி, செவ்வாய்க்கிழமை கதவு நிலை, புதன்கிழமை தண்ணீர்ப் பானை. பானை உடைந்து வீடெல்லாம் ஈர மண் வாசம். சில்லு ஒன்றைக் காதில் வைத்து, "இல்லியாம்," என்றாள். அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. வாசலில் ஆரம்பித்து, வரிசையாக, அவன் பாயை நோக்கி வந்துகொண்டிருந்தாள். குழவியைப் பரணில் ஏற்றினான். சட்னி அரைக்கக் கனகாம்பாள் இறக்கினாள். வியாழக்கிழமை சுவர். அவன் தலைமாட்டுச் சுவர். கண்ணை இறுக மூடிக் கிடந்தான். டொக். காரை உதிர்ந்து அவன் காதில் விழுந்தது. "நீயா?" நேரம் போயிற்று. "இல்லியாம்." கண்ணைத் திறந்தபோது அவள் அவனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போய்விட்டது. நாலு நாளாகத் தூக்கமில்லை. புழுக்கம் தாங்காமல் பாயை வாசலுக்கு இழுத்தான். மண்ணெண்ணெய் வாங்கப் புறப்பட்ட கனகாம்பாள் நின்றாள்.

"வாசப்படில தல வெச்சிப் படுக்காதய்யா, ஆவாது."

"ஆமா, வாசப்படி எழுந்து வந்து என்ன அடிச்சிடப் போவுது. போடீ."

"திங்கக்கெழம நானே இவள மெட்ராஸுக்கு இட்டுக்கினு போறேன். நீ இன்னா வேணாலும் பண்ணிக்கோ," என்று சொல்லிவிட்டு அவள் டின்னோடு போனாள். பட்டிக்காட்டுக் கழுதை, ரயிலேறத் தெரியுமா இவளுக்கு என்று நினைத்துக்கொண்டே படியில் தலையைச் சாய்த்தான். மரம் குளிர்ச்சியாக இருந்தது. அடித்துப் போட்டாற்போல் தூங்கினான்.

எழுப்பியது சத்தமில்லை. சத்தம் நின்றுபோனதுதான். காக்கை இல்லை. குழாயடிப் பேச்சு இல்லை. வலது மணிக்கட்டில் ஏதோ கனம். கண்ணை மட்டும் திருப்பினான். செண்பகத்தின் முழங்கால். அவன் கை, மல்லாந்து. உள்ளங்கையில் அவள் காது.

கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

இல்லை என்று கத்த வாயெடுத்தான். சத்தம் வருவதற்குள் அவள் காதுக்கடியில் கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

செண்பகம் தலையைத் தூக்கினாள். இல்லியாம் என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள், பழைய செண்பகமாக, கன்னத்தில் குழி விழ. அவன் நெற்றியை மெதுவாகத் தடவினாள். அவன் அன்றைக்குத் தடவின மாதிரியே.

"அடிச்சாச்சி நைனா. அடிச்சாச்சி. அழாத."

இன்னும் அடிக்கவில்லை. அவன் கண்ணீர் படியில் சொட்டியது. தேங்காய்ச் சட்னி காய்ந்து ஒட்டியிருந்த குழவி, இரண்டு சின்னக் கைகளில், வெயிலை மறைத்துக்கொண்டு மேலே போனது.