நீலப் போத்தல்

முகாம் வாசலில் தண்ணீர் பவுசர் லொறியை நிறுத்திய பிறகுதான், தன் ஊர் பண்டத்தரிப்பைக் கடந்து வந்ததே தனக்கு ஞாபகமில்லை என்று சிவகரனுக்குத் தெரிந்தது.

கிணற்றடியில் தாங்கியை நிரப்பியது ஞாபகம். பிறகு, தார் றோட்டில் நெளிந்த மத்தியான வெயிலும், இருக்கைக்கடியில் ஒரே சுதியில் முனகிக்கொண்டு வந்த எஞ்சினும், மூடிமூடித் திறந்த கண்ணுக்குள் ஓடிய பனைகளின் நிழலும். பிறகு இந்த வாசல். நடுவில் ஒன்றுமில்லை.

சிவில் பாதுகாப்புப் படையில் அவன் சாரதி. மாற்று ஆள் சுபாஸ் டெங்குக் காய்ச்சலில் விழுந்ததால், நாற்பத்தொரு மணித்தியாலமாக இவனே ஓடுகிறான்.

வாசல் காவலில் நின்ற செந்தூரன் யன்னலடிக்கு வந்தான்.

"என்னண்ணை, கண் ரெண்டும் செத்தல் மிளகாய் மாதிரிக் கிடக்கு?"

"சுபாஸ் வாறவரைக்கும் எனக்கேதடா நித்திரை."

"உவன் ஆஸ்பத்திரியிலை குறட்டை விடுறானாம். நீங்களும் குறைஞ்ச ஆளில்லை, வழியிலை தேத்தண்ணி குடிச்சிட்டுத்தானே வாறியள். இஞ்சி மணக்குது."

மணந்தது.

பள்ளிக்கூடத் தவணை விடுமுறை தொடங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். பண்டத்தரிப்பில் வீட்டுப் படலை கிட்டியதும் ஹோனை இரண்டு தரம் அடிப்பான். எட்டு வயது மகள் ஆரணி, அம்மா ஊற்றிக் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணீரை வார் வைத்த நீலப் போத்தலில் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். இரண்டு பக்கமும் பார்க்கமாட்டாள். அப்பா நிற்பார் என்று தெரியும். பவுசரின் முன்பக்கத்தால் சுற்றி வந்து, அவனுடைய யன்னலுக்கு எட்டி நின்று நீட்டுவாள்.

பக்கத்து இருக்கையைப் பார்த்தான். போத்தல் இல்லை. குனிந்து காலடியைத் தடவினான். இல்லை.

ஹோனை அழுத்தியது கைக்கு ஞாபகமிருந்தது. ஒன்று. இரண்டு.

பிரேக்கை மிதித்தது காலுக்கு ஞாபகமில்லை.

"முன்னுக்கு ஏதோ ஒழுகுது அண்ணை. றேடியேற்றரோ? பொறுங்கோ, பாக்கிறன்."

செந்தூரன் முன்பக்கம் போனான். குனிந்தான். நிமிர நேரமெடுத்தது. பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தான்.

"என்னடா?"

செந்தூரன் விலகி வழிவிட்டான்.

சிவகரன் இறங்கினான். கதவைப் பிடித்தபடி முன்னுக்கு நடந்தான். முன்சில்லு. லைற். இன்னும் ஒரு அடி. இஞ்சி.

பம்பரில், வாரில் தொங்கிக்கொண்டிருந்தது போத்தல். வெடித்திருந்தது. சொட்டியது. சொட்டியது.

கையை நீட்டி ஏந்தினான்.

இன்னும் சூடாக இருந்தது.