ஆறு கிலோ நரம்பு

சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே போர்ட் பிளேர் வந்து சேர்ந்தாள் ஜெரோசா. இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "போட்டிக்குப் பேரு எங்க குடுக்கணும்?" என்பதுதான். குளிக்கக்கூட இல்லை. அவ்வளவு அவசரம் அவளுக்கு!

தூண்டில் போட்டிக்குப் பெரிய விதியெல்லாம் இல்லை. ஆறு கிலோவுக்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய தூண்டில் நரம்பில் பெரும்பாரை மீனைப் பிடிக்க வேண்டும். தூண்டில் கம்பில் இன்னொருவர் விரல் பட்டால்கூட மீன் செல்லாது.

அந்த விதிதான் அவள் குடும்பத்தில் மண்ணைப் போட்டது. மூன்று வருடத்துக்கு முன், தூத்துக்குடிக் கடலில் இதே மாதிரி ஒரு போட்டி. அவள் அண்ணன் லிகோரி ஒரு பாரையோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினான். படகு சாய்ந்தது. அண்ணன் விழப்போகிறான் என்று பதறி, ஜெரோசா கம்பை எட்டிப் பிடித்துவிட்டாள். மீன் செல்லாது என்றார்கள்.

"நான் விழல. உன்ன யாரு பிடிக்கச் சொன்னா?" என்று கேட்டான் லிகோரி. அடுத்த வாரமே அந்தமானுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இவள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். "இன்னைக்கு மீன் குழம்பு, மாங்கா போட்டிருக்கேன், வந்துருண்ணே." நீல டிக் விழும், பதில் வராது. அந்த நீல டிக்கைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு மூன்று வருடம் போயிற்று. அண்ணன் இழந்த மீனை அவன் கண் முன்னாலேயே பிடித்துக் கொடுத்தால் மனம் இறங்குவான் என்று நினைத்தாள். போட்டியில் அவன் கண்காணிப்பாளன் என்று கேள்விப்பட்டுத்தான் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

போட்டியின் முதல் இரண்டு நாள் அவளைக் கண்காணிக்க வேறு ஆட்கள் வந்தார்கள். கடைசி நாள் காலையில் அவள் படகில் ஏறியது லிகோரி. தாளை நீட்டினான்.

"இங்க கையெழுத்து போடுங்க."

போடுங்களாம். 'ஏட்டி' என்றே கூப்பிட்டு வந்த கூடப் பிறந்தவளிடம்! ஜெரோசா தாள் கிழியும்படி அழுத்திப் போட்டாள்.

படகு ஓட்டிய முத்துராக்குவுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே ஊருன்னு தாள்ல இருக்கு. ஒரு வார்த்தை பேசுனா கடலு வத்திருமா?" என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

பாறைத் திட்டு அருகே ஒன்பது மணிக்கு மீன் கவ்வியது. ரீல் கிறீச்சிட்டு நரம்பு பறந்தது. இழுத்து நிறுத்தினால் அறுந்துவிடும், விட்டாலோ பாறையில் உரசி அறுத்துக்கொண்டு போய்விடும். ஜெரோசா ஓடவிட்டாள், சுற்றினாள், மறுபடி ஓடவிட்டாள். முத்துராக்கு மீன் போன பக்கமெல்லாம் படகைத் திருப்பினார். ஒரு மணி நேரத்தில் அவள் விரல்கள் மரத்துப்போயின.

"தண்ணி வேணுமா?" என்றான் லிகோரி, எங்கோ பார்த்துக்கொண்டு. அவள் தலையாட்டி மறுத்தாள்.

இரண்டாவது மணி நேரத்தில் வெள்ளியாகப் பளபளத்து மேலே வந்தது பாரை. முப்பது கிலோ தேறும். வந்த வேகத்தில் படகுக்கு அடியில் பாய்ந்தது. விளிம்பில் நரம்பு உரசாமல் இருக்க, ஜெரோசா கம்போடு வெளியே குனிந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு அலை படகைத் தூக்கிச் சாய்த்தது.

"ஏட்டி!"

பின்னாலிருந்து ஒரு கை அவள் இடுப்பை வளைத்தது. இன்னொரு கை கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. படகு நிமிர்ந்த பிறகும் விடவில்லை.

ஜெரோசா அந்தக் கையைப் பார்த்தாள். கம்பைத் தொட்டாயிற்று. மீன் செல்லாது.

"நான் விழலண்ணே."

லிகோரிக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு விழுறாப்ல தெரிஞ்சுது."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

அவன் கண் கலங்கிவிட்டது.

"மீனு இன்னும் இருக்கு," என்று நினைவுபடுத்தினார் முத்துராக்கு.

இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். படகு ஓரத்தில் பாரையை அணைத்துப் பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, நீரிலேயே விட்டார்கள். அது வாலை அடித்து இருவர் முகத்திலும் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. லிகோரி தாளை எடுத்து எழுதினான்: 'செல்லாது. கம்பில் கண்காணிப்பாளர் கை பட்டது.'

போட்டியில் இனி ஜெரோசாவுக்குக் கடைசி இடந்தான். அதை அவள் நினைக்கக்கூட இல்லை. கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை மாங்கா ரொம்பப் புளிச்சுதுன்னியே," என்றான் லிகோரி திடீரென்று. "எந்த மரத்து மாங்கா?"

"நம்ம கொல்லப்பக்கத்து மரம். இந்த வருசந்தான் முதல்ல காய்ச்சிருக்கு."

நட்டது அவன்தான்.

"கப்பல் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுரு, ஏட்டி."