ஐந்தாவது பெயர்

பல் துலக்கியதும் ஊரில் எல்லோரையும் போல நானும் காதுக்குள் இருக்கும் என் செவிவடிப்பானைச் சரிபார்த்தேன். நகரத்து இரைச்சலில் பாதிப் பேருக்குக் காது போன பிறகு வந்த சட்டம் இது. ஐந்து பேருக்குத்தான் காது கொடுக்கலாம். மற்றவர்கள் வாயசைப்பது தெரியும், குரல் கேட்காது. வேண்டியதை எழுதிக் காட்டுவார்கள். என் ஐவர் அம்மா, அக்கா, மகள், மேலாளர், கணவர் பரிதி. ஒரு பெயரை நீக்கிவிட்டால் மறுபடி சேர்க்க ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் பரிதியின் பட்டியல் திறந்து கிடந்தது. ஐந்தாவது இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெயர்: நறுமுகை.

"யாருங்க இது?"

"அ... அவ... ஆ..."

"ஆபீஸ்ல புதுசா வந்தவளா?"

தலையாட்டினார். திருமணமான நாளிலிருந்து அவர் திக்கத் தொடங்கினால் நான்தான் வாக்கியத்தை முடித்துவைப்பேன்; சரியோ தவறோ, அவர் தலையாட்டிவிடுவார்.

ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒருத்திக்குக் காது கொடுக்கிறாராமே! புதன்கிழமை மாலை அவர் பின்னாலேயே போனேன். ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனிதர்!

அவள் குரலைக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டும். அம்மாவை நீக்க முடியாது, மகளை முடியாது. அக்காவை நீக்கினால் ஊரே கூடும், மேலாளரை நீக்கினால் வேலை போகும். இவர்? இவர் என்ன சொல்ல வருகிறார் என்பதுதான் எனக்கு முன்கூட்டியே தெரியுமே. அங்கேயே நின்று பரிதியை நீக்கி நறுமுகையைச் சேர்த்தேன்.

அவர் கிளம்பிப் போனதும் உள்ளே நுழைந்து என் பெயரையும், அவள் பேசினால் எனக்குக் கேட்கும் என்பதையும் எழுதிக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

"தேனுகா அக்காவா! அண்ணன் சொல்லிட்டாரா? திக்குவாய்க்குப் பயிற்சி குடுக்கறவ நான். உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு மூணு மாசமா அதையேதான் பழகினார். இன்னிக்குத்தான் ஒரு இடத்துலகூட திக்கல. சொல்லணும்னு வீட்டுக்கு ஓடறார், நீங்க இங்க நிக்கறீங்க! போங்கக்கா, சீக்கிரம்!"

ஓடினேன். வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். உதடுகள் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. நீளமாகப் பேசினார், நடுவில் ஒரு முறை சிரித்தார், கண் கலங்கினார். பிறகு நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.