கையைக் கொடுத்த பிள்ளை

காணும் பொங்கலன்று பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால், கடலைப் பார்ப்பதற்கு முன்னால் போலீஸ் டென்ட்டைப் பார்த்தாக வேண்டும். பிள்ளைகளின் மணிக்கட்டில் பட்டை கட்டி, பெற்றவர் செல் நம்பரை அதில் எழுதி விடுவார்கள். கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான். தமிழ்நிலாவும் கையை நீட்டிக் கட்டிக்கொண்டாள். "பேர் இன்னா கண்ணு?" என்று பெண் போலீஸ் கேட்டதும் பளிச்சென்று சொன்னாள். இந்த லீவு முழுக்க அப்பனிடம் அவள் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

கனகராஜுக்கு ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை. சிறுமிகள் பிரிவு. எந்த வீட்டுப் பெண் குழந்தை வந்தாலும் கண்ணால் பார்த்தே அளவு சொல்வான். தன் மகளுக்கு எடுத்து வைத்த மஞ்சள் பட்டுப்பாவாடை மட்டும் ஒரு சாண் நீளம் கூடிவிட்டது. பார்த்திருந்தால்தானே! பெண்டாட்டி செத்த நாளிலிருந்து பிள்ளை திசையன்விளையில், பெண்டாட்டியின் அக்கா ஜெயபாரதியிடம் வளர்கிறது. கடையில் லீவு கேட்டால் மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தப் பொங்கலுக்கு ஜெயபாரதியே பிள்ளையை மாம்பலத்துக்கு அழைத்து வந்திருந்தாள். கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, புள்ள இன்னிக்கு ஒங்கட்ட ஒட்டிக்கிட்டான்னா இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருங்க. இல்லன்னா நாளைக்கு நான் கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு கேக்காதிய."

அவர்கள் போய்விட்டால் அந்த ஒற்றை அறையில் மறுபடியும் அவன் மட்டும்தான்.

கூட்டத்தில் நடக்கும்போது ஒன்றைக் கண்டுகொண்டான். எங்கோ பார்த்தபடி நடந்தால் பிள்ளை கையைக் கொடுக்கிறாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் உருவிக்கொள்கிறாள். அதனால் பார்க்காமலே நடந்தான். குதிரையைக் காட்டினான், பட்டத்தைக் காட்டினான், ராட்டினத்தைக் காட்டினான். எதற்கும் அந்தக் கை துள்ளவில்லை.

பஜ்ஜிக் கடையில் காசு எடுக்கப் பிள்ளையின் கையை விட்டான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கையைத் தொங்கப்போட்டதும், சின்னக் கை ஒன்று தானாக வந்து பிடித்துக்கொண்டது. சில்லென்று இருந்தது.

"அப்பா, தண்ணிக்குப் போலாம்ப்பா."

அப்பா! கனகராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டணத்துப் பேச்சு அதற்குள் ஒட்டிக்கொண்டதே என்று வேறு சந்தோஷம். குனிந்து பார்க்கத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தான்.

எதிரே சவுக்குக் கட்டை கட்டி அலைக்குப் போகவிடாமல் மறித்திருந்தார்கள். கை அவனை ஊரூர் குப்பம் பக்கமாக இழுத்தது. அங்கே கரையேற்றிய படகுகள், காயும் வலையின் கவிச்சி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இரைச்சலாகக் கேட்ட கூட்டம், படகுகளைத் தாண்டியதும் கதவைச் சாத்தியது போல் அடங்கிவிட்டது. அலை மட்டும் வந்து வந்து போனது.

"என்னை உட்டுட்டுப் போயிட மாட்டியே?" குரல் ரகசியம் போல் வந்தது.

"மாட்டேன் மக்ளே. இனிமே எங்கயும் விட மாட்டேன்."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. இத்தனை வருஷத்தில் அவன் வேண்டும் என்று யாரும் இப்படிக் கேட்டதில்லை.

செல் அடித்தது.

"சார், பீச்சு போலீஸ் டென்ட்லருந்து பேசறேன். உங்க கொழந்த இங்க அழுதுகினு கீது. வந்து கூட்டிகினு போங்க."

"எம் புள்ள எங்கூட நிக்கா மேடம்."

"இன்னா சார் வெளாடுறியா? மஞ்ச பாவாடை, தமிழ்நிலான்னு பேர் சொல்லுது. பட்டைல உன் நம்பர்தான கீது?"

அவன் மெதுவாகக் குனிந்தான்.

கையைப் பிடித்திருந்த மணிக்கட்டில் பட்டை இல்லை.

பாவாடையும் இல்லை. ஈரம் சொட்டும் நெட் கவுன். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிறிஸ்துமஸுக்கு மலைமலையாக விற்ற ரகம். அந்த ரகம் வருவது நின்று எத்தனையோ வருஷம்.

முகம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கையை உதறிவிட்டு ஓடினான். பின்னால் அழுகை இல்லை, கூச்சல் இல்லை. "அப்பா" என்று ஒரே ஒரு தடவை கேட்டது.

டென்ட்டில் தமிழ்நிலா அவனைக் கண்டதும் பெண் போலீஸின் பின்னால் ஒளிந்தாள்.

"இது யாரு கண்ணு? உங்க அப்பாவா?"

பிள்ளை யோசித்தாள். "துணிக்கடைல இருக்கவிய," என்றாள். பெண் போலீஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆதார் கார்டைக் காட்டி மகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவனுக்கு உயிரே இல்லை.

பஸ்ஸில் மூவர் இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் தமிழ்நிலா. தொட்டால் சுருங்குகிறாளே என்று நடுவில் இடம் விட்டு, ஓரத்தில் கனகராஜ். நிற்க இடமில்லாத நெரிசல். உட்கார வந்த ஒரு அம்மாள் நடு இருக்கையில் கை வைத்துவிட்டு, "சொட்டச் சொட்ட ஈரமா கீதே" என்று நகர்ந்துவிட்டாள்.

தமிழ்நிலா ஜன்னலோடு ஒண்டினாள். முதல் முறையாகத் தானாக அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டாள், மெல்ல.

மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் குதித்துவிடலாம். குதித்து? மாம்பலத்தில் ஜெயபாரதி காத்திருப்பாள். பிள்ளை ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளும். நாளைக்கு ரயில். அப்புறம் அந்த அறை.

சில்லென்ற விரல்கள் அவன் விரல்களுக்குள் நுழைந்தன.

"அப்பா."

தமிழ்நிலா வாயைத் திறக்கவில்லை.

கனகராஜ் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லு மக்ளே," என்றான்.