நான்காம் சுடர்

ஏலத்தில் எடுத்த பெட்டி முற்பகலில் வந்து இறங்கியது. உள்ளே பழைய கேமரா லென்சுகள் ஒன்பது, காகிதச் சுருளுக்குள் அடைவைத்த முட்டைகளைப் போலக் கிடந்தன. லென்சு வைத்தியர் என்று தொழிலுலகில் பேரெடுத்த அவர், உச்சிப்பொழுதுக்குள் எட்டை இனங்கண்டுவிட்டார். ஒன்பதாவது மட்டும் அடம்பிடித்தது. அதன் பித்தளைக் குழலில் செய்தவர் பெயரை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள்.

பெயரிழந்த லென்சை அறிய ஒரு வழியுண்டு. எதிரே மெழுகுவத்தியைப் பிடித்தால், கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஒரு குட்டிச் சுடரைத் திருப்பிக் காட்டும். சுடர்களை எண்ணினால் லென்சின் குலம் கோத்திரம் தெரிந்துவிடும். ஆளை அமர்த்தி முகம் பிடிக்கும் பழைய வகையானால், இரு சில்லுகளை ஒட்டிச் செய்த முன்கண்ணாடியில் பளிச்சென்று இரண்டு, ஒட்டிலிருந்து மங்கலாய் ஒன்று, ஆக மூன்று. அந்த மங்கற் சுடர்தான் அவருடைய ஐம்பது வயதுக் கண்ணுக்கு எட்டவில்லை. ஏழு வயது மகளை அழைத்தார்.

“எத்தனை சுடர் தெரியுது குட்டி?”

“நாலுப்பா.”

“மூணுதான் இருக்கணும். கணக்குல அம்மா மாதிரி ஆயிட்டியே.”

“என் தலையை ஏன் உருட்டறீங்க?” என்றாள் மனைவி, உள்ளறையிலிருந்தே.

“நாலுதான்ப்பா. மூணு ஆடுது. ஒண்ணு ஆடாம நிக்குது.”

அவர் நம்பவில்லை. லென்சுக் கண்ணாடியின் பின்னேயும் கண்ணை ஒட்டவைத்து எண்ணச் சொன்னார். மறுபடியும் எண்ணச் சொன்னார். அந்தப் பிற்பகல் முழுதும் எண்ணவைத்தார்.

மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த குழந்தை பாதியில் நின்றுபோனாள். நுரை முகவாயில் வழிந்தது. இமை அசையவில்லை, உலுக்கியும் அசையவில்லை. நூறு எண்ணும் நேரம் சென்றபின், ஒன்றும் நடவாதது போலத் துலக்கத் தொடங்கினாள். அடுத்த நாள் அந்த நிலை கால்மணி நேரம் நீடித்தது. ஐந்தாம் நாள், காலை முதல் நண்பகல் வரை. மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கடைசியில் கையை விரித்தார்கள். கல்லாய்ச் சமைந்த உடலில் மூச்சு மட்டும் நூலிழையாய் ஓடியது. நாளுக்கு நாள் அந்த நூலும் நைந்தது.

வீட்டில் பழைய படக்கூடங்களில் படம் கழுவும் மருந்தின் நெடி எங்கிருந்தோ வந்து தங்கியது.

அசைவு திரும்பிய ஒரு சிறு பொழுதில் அவள் தந்தையின் காதோடு சொன்னாள்.

“ஆடக் கூடாதாம்ப்பா.”

“யாரும்மா சொன்னது?”

“கறுப்புத் துணிக்குள்ள இருக்கறவர். ஆடினா மறுபடியும் முதல்லேருந்தாம்.”

பழைய படக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஆளை ஆடாமல் உட்காரவைத்தே படமெடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். உடனே ஏலக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அந்த லென்சை வச்சிருந்த படக்காரரா?” என்றார் ஏலக்காரர். “ஒரு குழந்தையை உட்காரவச்சு எடுக்கும்போது, கேமராத் துணிக்குள்ள தலையை விட்டபடியே செத்துப்போயிட்டாராம். கடைசிப் படம் முடியலைன்னு சொல்வாங்க. ஏன் சார், கண்ணாடியில கீறல் ஏதும் இருக்கா?”

அவர் திரும்பியபோது குழந்தை நாற்காலியில் மறுபடியும் சமைந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“எண்ண வச்சது நீங்கதானே?” என்றாள் மனைவி. “நீங்களே அவளை மீட்டுக் குடுங்க.”

பற்றுக்கோடு ஏதுமற்றவராய் அவர் தரையில் வீழ்ந்தார். என் பிழைக்கு என்னைக் கொள்வாய், பெருமானே, பிள்ளையை விட்டுவிடு என்று நெற்றி நோக அழுதார். பிறகு எழுந்து, ஒன்பதாவது லென்சைச் சுத்தியலால் தூளாக்கினார்.

குழந்தை நெடுமூச்செறிந்தாள். இமைத்தாள்.

“பசிக்குதும்மா.”

தாய் அவளை வாரி அணைத்து, அழுதுகொண்டே சிரித்து, உணவெடுக்க ஓடினாள்.

அவருக்கோ தொழிற்புத்தி விடவில்லை. கண்ணும் ஒரு லென்சே. அதன் எதிரே சுடரைப் பிடித்தால் வெறும் பார்வைக்கு அதுவும் மூன்று காட்டும் என்பதை அவர் அறிவார். மெழுகுவத்தியை ஏற்றி மகளின் முகத்தருகே கொண்டுபோனார்.

ஒன்று. இரண்டு. அன்று எட்டாத மங்கற் சுடரும் இன்று எட்டியது. மூன்றும் அவர் கைநடுக்கத்தோடு சேர்ந்து நடுங்கின.

நான்காவது நடுங்கவில்லை.

கண்ணாடி எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. பின்னால் இருப்பதற்குக் கடத்திவிடும். அவர் தொழிலின் முதற்பாடம் அது. அந்தப் பிற்பகல் முழுதும் கண்ணாடியின் பின்னால் இருந்தது எது என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

அறைக்குள் எங்கோ கனத்த துணி ஒன்று சரசரத்தது.

மருந்துநெடி மூக்கை அடைத்தது.

“அப்பா,” என்றாள் குழந்தை, மிக மெல்ல. “ஆடாதீங்க.”

உருகிய மெழுகு அவர் விரலில் சொட்டியது. மீண்டும் சொட்டியது. விரல் விலகவில்லை.