கடைசி வரை கேட்டவர்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. ஒரு கொலைக் கதை சொல்லப் போகிறேன்.

கொலை உண்டு, கைது உண்டு, போலீஸ் உண்டு. துப்பாக்கி மட்டும் கிடையாது. எனக்குப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆயுதம் தையல் கத்தரிக்கோல்!

நடுவில் தூக்கம் வந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். எனக்குப் பழகிப்போன விஷயம்தான்.

போன் அலறியது!

திங்கட்கிழமை காலை. மிஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா... அவளைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கம்மா!"

என் மகன். லாரி ஓட்டுகிறவன். ஓடும்போது டயர் வெடித்தாலும் பதறாதவன்.

"யாரைடா?"

"உன் மருமகளை! கொலை கேஸு!"

ஊசி துணியை விட்டு விலகி என் விரல் நகத்தைத் தொட்டுவிட்டு நின்றது.

என் மருமகள் நர்ஸ். வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஆறு மாதமாக, படுத்த படுக்கையான ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், யாரோ அந்தப் பெரியவர் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திவிட்டார்கள்!

"மருந்து வாங்கப் போயிருந்தேன்" என்றாள் மருமகள். கடையில் கூட்டம். அவளைப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம். ஒன்று மருமகளிடம். இன்னொன்று பெரியவரின் தம்பியிடம்.

தம்பி, அடுத்த தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். கட்டடம் அண்ணன் பெயரில். அதை விற்றுவிட அண்ணன் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்...

"அப்போ தம்பிதானே!" என்கிறீர்களா? எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் நீங்கள்!

ஆனால் அங்கேதான் இடித்தது. தம்பி ஸ்டூடியோவை விட்டு நகரவே இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருந்தது. கருங்கல் மாதிரி அசையாத சாட்சி.

அந்தக் கருங்கல்...

நான்தான்!

ஞாயிறு தோறும் பத்து மணிக்கு எங்கள் புத்தகக் குழு கூடும். கம்ப்யூட்டரில்தான். எட்டுப் பேர், எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். நடத்துகிறவர் ஒரு நூலகர். படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆளுக்குப் பத்து நிமிஷம்.

நான் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்தவள் இல்லை. அதனால் படித்தது எதையும் விட்டுவிட மனசு வராது. பத்து நிமிஷத்தில் அட்டைப் படத்தைத்தான் முடிப்பேன். மொத்தம் நாற்பது!

குழுவில் எனக்குத் 'தொடர்கதை' என்று பெயர். பாசத்தில் வைத்தார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நான் தொண்டையைச் செருமினால் போதும்... பல் டாக்டருக்கு நெட் போய்விடும். பேராசிரியை வீட்டு வாசலில் யாரோ மணியடிப்பார்கள். ஒவ்வொரு கட்டமாகக் கறுத்துக்கொண்டே வரும். நூலகர்கூட ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு மறைந்துவிடுவார்.

அந்த ஞாயிறும் அப்படியே. புத்தகம், ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் கதை. பத்து இருபதுக்கு ஆரம்பித்தேன். பத்து முப்பதுக்கு ஆறு கட்டமும் இருட்டு.

ஒரே ஒரு முகம் மட்டும் வெளிச்சத்தில்... ஸ்டூடியோக்காரர்!

தலையாட்டினார். டீ குடித்தார். புன்னகை செய்தார். காவலாளியின் குழந்தை கடலில் போன இடத்தில் நான் விம்மி அழுதேன். அப்போதும் புன்னகை செய்தார். 'துக்கத்தை உள்ளே அடக்குகிறார், பாவம்' என்று நினைத்தேன்.

பதினொன்றுக்கு நான் முடித்ததும் மைக்கைத் திறந்து, "அருமைம்மா!" என்றார் பாருங்கள்... என் ஆயுசில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் போனில் கேட்டார். "அவர் கூட்டத்துல இருந்தாராம்மா?"

"இருந்தாராவா? ஒரு வார்த்தை விடாம கேட்டார் சார்! சத்தியம் பண்ணட்டுமா?"

பண்ணியும் தொலைத்தேன்!

ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெஞ்சில் மருமகள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அத்தை... என்ன சொன்னீங்க இவங்ககிட்ட?"

"நடந்ததைச் சொன்னேன் கண்ணு. நான் பேசினதை அவர் கடைசி வரைக்கும் கேட்டார்."

"கடைசி வரைக்குமா?" எழுந்தே விட்டாள். "சார், என்னை உள்ள வைங்க. ஆனா இதை மட்டும் நம்பாதீங்க! எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இவங்க பேச்சை நானே முழுசாக் கேட்டதில்ல!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு ரசனை இல்லைன்னா உலகத்துல யாருக்குமே இல்லையா?"

"அத்தை, நான் ஜெயிலுக்குப் போகப் போறேன்!"

வாயை மூடிக்கொண்டேன். அபூர்வமாக.

"நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள வேற எதுனா ஞாபகம் வந்தா சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தேன். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் அம்மா இருக்காங்க. என் அம்மா மட்டும்தான் பேசியே பொண்டாட்டியை உள்ள தள்ளினா."

"டேய், அவர் நிஜமாவே கேட்டார்டா. ரெக்கார்டிங் இருக்கு, பாரு!"

"நான் லாரி ஓட்டணும்மா. அதைப் பார்த்தா ரோட்டுல தூங்கிடுவேன்."

சரி போ என்று நானே போட்டேன். நூலகர் வாரா வாரம் அனுப்புவார். இதுவரை யாரும் திறந்ததில்லை... நான் உட்பட.

"அந்தக் கலங்கரை விளக்கம் இருக்கே..." என்று என் குரல் ஆரம்பித்தது.

நல்ல குரல்தான். கொஞ்சம் இழுவை. கொஞ்சம்... ரொம்ப...

கத்தரிக்கோல் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தேன்!

தூங்கியிருக்கிறேன்! பட்டப்பகலில்! என் பேச்சைக் கேட்டு நானே!

திரையில் என் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சட்டென்று நிறுத்தினேன்.

பேசினவளுக்கே பத்து நிமிஷம் தாங்கவில்லை. யார் இந்த மனுஷன்?

பின்னால் ஓட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

மூன்று தலையாட்டல். ஒரு புன்னகை. கோப்பையை எடுத்து ஒரு வாய் டீ. மீசையைத் துடைத்தல்.

மறுபடி மூன்று தலையாட்டல். ஒரு புன்னகை. ஒரு வாய் டீ...

நாற்பது வருஷமாகப் பூப்போட்ட துணி வெட்டுகிறவள் நான். ஒரே பூ எத்தனை விரல் தள்ளித் திரும்ப வருகிறது என்று பார்க்காமல் கத்தரி வைக்க மாட்டேன். அந்தக் கண்ணுக்கு இது தெரியாதா?

நாலு நிமிஷத்துக்கு ஒரு பூ!

ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், கையிலிருந்த கோப்பை கண்ணிமைக்கும் நேரத்தில் மேஜைக்குத் தாவியது. ஒட்டுப் போட்ட தையல்! அவசரத்தில் பிசிறு வெட்டாமல் விட்ட தையல்!

முன்னாடியே எடுத்து வைத்த வீடியோ. திரும்பத் திரும்ப ஓடவிட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார்!

"டேய்! லாரியை எடுடா!"

"எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு! உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர!"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். டீ குடிப்பதை விரல்விட்டு எண்ணினார். பத்து வாய்... கோப்பையில் டீ அப்படியே!

அரை மணியில் ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வந்தார்கள். அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

நானும் மருமகளும் வெளியே பெஞ்சில். அவள் கையை விடவே இல்லை நான்.

உள்ளே அவர் குரல்: "நான் டீ நிறைய குடிப்பேன் சார். அது தப்பா?"

ஏதோ பட்டனைத் தட்டும் சத்தம்.

பிறகு... "அந்தக் கலங்கரை விளக்கம் இருக்கே..." என் குரல்!

ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பத்து...

"நிறுத்துங்க!"

அலறல்! கட்டடமே அதிர்ந்தது.

"நிறுத்துங்க சார்! நான்தான்! நான்தான் பண்ணேன்! கையெழுத்து எங்க போடணும்?"

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்தபடி வந்தார்.

"பன்னண்டு நிமிஷம் தாங்கினான்மா. கெட்டிக்காரன்தான்."

"ஏன் சார் அவர் என் பேச்சு நேரத்தைப் பிடிச்சார்?" கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"மத்தவங்க பேசினா எல்லாரும் ஸ்கிரீனைப் பார்ப்பாங்களாம். நீங்க பேசினா ஒருத்தரும் இருக்க மாட்டாங்களாம். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு நொடி குறையாதுன்னு உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். என் தோளில் சாய்ந்தாள்.

"அத்தை... வீட்டுக்குப் போற வழியில அந்தக் கதையைச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

சொன்னேன். கலங்கரை விளக்கத்தின் மூன்றாவது படி ஏறுவதற்குள் தூங்கிவிட்டாள், தங்கம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கணும். பேசுகிறவருக்குத் தொண்டை கட்டாமல், கேட்கிறவருக்குக் காது மந்தமாகாமல், போன இடத்திலிருந்து எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்து ஒன்றாக உட்காரணும்.

என்ன... எல்லாரும் தலையாட்டுகிறீர்கள்?

எங்கே, கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்!